உங்கப்பன் ரோடா?

மாரிசாமிக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழிகளில் ஒரே ஒரு கேள்வியைச் சரளமாகக் கேட்கத் தெரியும். வழிவிடாமல் முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். டிஎன் என்றால், "உங்கப்பன் ரோடா?" கேஏ என்றால், "நிம்மப்பந்தா ரோடு?" ஏபி என்றால், "மீ நாயன ரோட்டா?" தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வலது கையால் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டே கேட்பார். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் வரைக்கும் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. பதில் யோசிப்பதற்குள் அவருடைய கம்பெனி பஸ் அவர்களைத் தாண்டிப் போய்விடும்.

சீட்டை விட்டு இறங்கினால் இதே ஆள் பசு. ரேஷன் கடை வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தாலும், "போவட்டும் உடுங்க" என்பார். நாற்பத்தெட்டு வயது, லேசான தொந்தி, வலது கையில் ஒரு செப்புக் காப்பு. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் வீடு. பத்தொன்பது வருஷமாக அதே ரூட், அதே எட்டரை மணி ஜெனரல் ஷிப்ட். எட்டரைக்கு மேல் பத்து நிமிஷம் சலுகை. அதற்கும் மேல் கார்டு போட்டால் லேட். மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். அவர் ஒருத்தர் தாமதித்தால் பஸ்ஸிலிருக்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் போகும். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவருடைய பஸ்ஸில் வந்தவர்கள் லேட் பன்ச் போட்டதில்லை. மற்ற ரூட்டில் போகிறவர்கள்கூட மாரிசாமி பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்று கேட்பார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது. இருக்கத்தானே செய்யும், வேறு யார் அவருக்கு எந்தப் பெருமையைக் கொடுத்தார்கள்?

அவருடைய மனைவி முனிலட்சுமிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் ஓசூரில் டயாலிசிஸ். அந்த இரண்டு நாளும் மாரிசாமி காலை ஷிப்டை இன்னொரு டிரைவரான ராஜ்குமாருக்குக் கொடுத்துவிட்டு, ராஜ்குமாரின் மதிய ஷிப்டைத் தான் ஓட்டிச் சமாளித்து வந்தார். மே மாதம் பஸ் கான்ட்ராக்ட் கைமாறியது. புதிதாக வந்த போக்குவரத்து சூப்பர்வைசர் தினேஷ்குமார் கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு, "ஜூலை ஒண்ணாந்தேதியில இருந்து ஒரு ரூட்டுக்கு ஒரு டிரைவர்தான்ணா. மாத்திக்கிற வேலையெல்லாம் சிஸ்டம் எடுத்துக்காது" என்று சொல்லிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். சிஸ்டத்தோடு யார் சண்டை போட முடியும்?

டவுன் பஸ்ஸில் அனுப்பலாமா என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு முறை மாரிசாமிக்குக் கூடப் போக முடியாமல் போய், முனிலட்சுமி தனியாக டயாலிசிஸ் முடித்து பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. வழியில் கண் இருட்டி யாரோ ஏற்றியிருந்த தக்காளிக் கூடைமேல் சரிந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவள் புடவையில் அப்பியிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு மகள் சுவேதா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அன்று ராத்திரியே சுவேதா முடிவு செய்துவிட்டாள். பதினெட்டு முடிந்துவிட்டது, தபால் வழியில்தான் பி.காம் படிக்கிறாள், காலையில் வேலை ஒன்றுமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டு அம்மாவைத் தானே கூட்டிப்போகிறேன் என்றாள். முனிலட்சுமியின் தம்பி சிவராஜ் அத்திப்பள்ளியில் வேலை பார்க்கிறான். அவனுடைய பழைய ஆல்டோ சும்மா நின்றிருந்தது. கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். கேஏ நம்பர் வண்டி.

அப்பா டிரைவர், மகளுக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு வாரம் போதும் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். மாரிசாமியும் அப்படித்தான் நினைத்தார்.

முதல் தகராறு வண்டி நகர்வதற்கு முன்பே வந்தது. சுவேதா சிவப்பு எல் ஸ்டிக்கர் இரண்டு வாங்கி வந்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று ஒட்டப் போனாள்.

"அத ஒட்டாத பாப்பா."

"ஏம்பா? சட்டம்பா அது."

"சட்டம் கெடக்குது. எல் போர்டப் பாத்தா ஏறி மிதிப்பானுங்க. எங்காளுங்கள பத்தி எனக்குத் தெரியாதா?"

"எங்காளுங்கன்னா யாரு?"

மாரிசாமி டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தார். சுவேதா ஒட்டிவிட்டாள்.

தொரப்பள்ளிப் பக்கம் ஒரு லேஅவுட் இருக்கிறது. தார் ரோடு போட்டு, கல் நட்டு, கொடி கட்டி, ஆறு வருஷமாக ஆள் வராத மனைகள். அங்கே பத்து நாள் பழகினார்கள். கிளட்ச், கியர், பின்னால் எடுப்பது எல்லாம் அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பதினோராம் நாள் மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

ராயக்கோட்டை ரோடு இப்போது அகலமாகிக்கொண்டிருக்கிறது. அகலமாகி முடிகிற வரைக்கும் இருந்த அகலமும் கிடையாது. ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற வழி. அதில் தக்காளி லோடு, டிப்பர், கம்பெனி பஸ்கள், மூன்று பேர் ஏறிய பைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் போயாக வேண்டும். சிவப்பு எல் போர்டைப் பார்த்ததும் பின்னால் வருகிறவனுக்கெல்லாம் ஹாரன் மேல் கை போனது. கேஏ நம்பரைப் பார்த்துவிட்டு, தாண்டிப் போகிறவர்கள் கன்னடத்தில் திட்டினார்கள். உத்தனப்பள்ளிக்காரியைப் பெங்களூர்க்காரி என்று நினைத்துத் திட்டுகிறவர்களுக்கு, மாரிசாமி இடதுபக்க ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு அவரவர் நம்பர் பிளேட்டுக்குத் தக்கபடி பதில் கொடுத்தார். கூடவே மகளுக்கும் பாடம் நடந்தது. "உடாத! ஒதுங்காத! நீ ஒதுங்குனா ஏறுவான்! ரைட்டுல ஏறு! ஹாரன் அடி! அடி, அடின்றேன்!"

சுவேதா நான்காவது நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். எஞ்சினையும் அணைத்தாள்.

"அப்பா, அவுங்க ஹாரன் அடிச்சா எனக்கு ஒருவாட்டி பயமாவுது. நீ கத்துனா ரெண்டுவாட்டி பயமாவுது. கொஞ்சம் வாய மூடிக்கினு வரியா?"

"சரி" என்றார். அரை கிலோமீட்டர் வாய் மூடிக்கொண்டும் வந்தார். அதற்குள் ஒரு ஆட்டோக்காரன் குறுக்கே வந்துவிட்டான். அவன் டிஎன் நம்பர், கேள்வி தமிழில் போனது.

ஜூன் இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. டயாலிசிஸுக்கு முனிலட்சுமியைப் பின்சீட்டில் உட்கார வைத்து, முதல்முறையாக ஓசூர் வரைக்கும் சுவேதாவே ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. பக்கத்தில் மாரிசாமி. ஜல்லி கொட்டியிருந்த குறுகல் வந்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. பின்னால் ஒரு கம்பெனி பஸ். முதலில் ஹெட்லைட், பிறகு ஏர் ஹாரன். விட்டு விட்டு இல்லை, ஒரே நீளமாக. மாரிசாமி, "போ போ, உடாத" என்றார். சுவேதா ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதா பிரேக்கை மிதிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்தாள். வழி கொஞ்சம் அகலமான இடத்தில் பஸ் சட்டென்று வலப்பக்கம் ஏறி, அப்படியே இடப்பக்கம் அணைத்தது. கட்டு கொடுப்பது என்பார்கள் டிரைவர்கள். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் அவள் கண்ணாடியை உரசுகிற தூரத்தில் வந்தது. சுவேதா ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். ஆல்டோ ஜல்லிக் குவியலில் ஏறி, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. பின்சீட்டில் முனிலட்சுமி, "அய்யோ சாமி" என்றாள்.

பஸ்ஸும் பத்தடி தள்ளி நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து குனிந்து, திறந்திருந்த முன்கதவு வழியாகக் கத்தினான்.

"நிம்மப்பந்தா ரோடு?"

மாரிசாமி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். கத்தியவனும் அவரைப் பார்த்துவிட்டான். ராஜ்குமார். கிளீனராக வந்தவனைப் பஸ் சீட்டில் உட்கார வைத்து, இந்த ரூட்டை ஒவ்வொரு பள்ளமாகச் சொல்லிக் கொடுத்தவர் மாரிசாமிதான். அவன் குதித்து ஓடிவந்தான்.

"அண்ணா! நீங்களாண்ணா? கேஏ வண்டின்னுட்டு யாரோ பெங்களூர் பார்ட்டின்னு நெனச்சிட்டேன்ணா. அய்யோ, பாப்பாவா ஓட்டிக்கினு வந்திச்சி? அக்காவும் இருக்காங்களே! மன்னிச்சிக்கங்கண்ணா. டைம் ஆயிடிச்சி. நீங்கதானண்ணா சொல்லிக் குடுத்தீங்க, எல் போர்டக் கண்டா ரெண்டு ஹாரன், ஒரு கட்டு, எறக்கி உட்டுட்டுப் போய்க்கினே இருக்கணும்னு."

அவன் குத்திக்காட்டவில்லை. குருவிடம் பாடம் ஒப்பிக்கிற பையனுடைய முகம்தான் அவனுக்கு. பஸ் ஜன்னல்களில் நாற்பது முகங்கள். சில பேர் சிரித்தார்கள். "டைம் ஆவுதுண்ணா" என்று உள்ளேயிருந்து ஒருத்தர் குரல் கொடுக்க, ராஜ்குமார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினான்.

சுவேதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கினாள். சாவியை அப்பா கையில் வைத்தாள். பின்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஓசூர் வரைக்கும் மாரிசாமி ஓட்டினார். ஒருத்தரையும் திட்டவில்லை. ஹாரன்கூட அடிக்கவில்லை.

அன்று சாயந்திரம், "எனக்கு ஓட்ட வேணாம்" என்றாள் சுவேதா. மாரிசாமி சமாதானம் பேச வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"இதுவரைக்கும் எத்தன பேர எறக்கி உட்டிருக்கப்பா?"

மாரிசாமி எண்ணிப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் காரில் பர்தா போட்ட ஒரு அம்மா ஞாபகத்துக்கு வந்தார். பள்ளத்தில் இறங்கிப்போய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டவர். ரிட்டையர் ஆன பிறகு கார் வாங்கியவர் போல ஒரு பெரியவர். இன்னும் எத்தனையோ பேர், முகம்கூடப் பார்க்கவில்லை, கண்ணாடியில் பின்னால் சிறுத்துப்போன சிவப்பு எல் மட்டும்தான். அவர்களைத் தாண்டிய பிறகு பஸ்ஸில் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்திருக்கிறார். அவர்களுக்குப் பின்சீட்டில் யார் இருந்தார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டார்.

நடுவில் வந்தது முனிலட்சுமிதான். நோயாளி என்றாலும் வீட்டில் தீர்ப்புச் சொல்வது இன்னும் அவள்தான்.

"என்னாங்க, ஒண்ணாந்தேதிக்கு இன்னும் பதினேழு நாளுதான் இருக்குது. நான் ஒண்ணும் தக்காளிக் கூட மேல வுழுந்து வர முடியாது. பாப்பா ஓட்டணும். ஏண்டி, ஓட்டுவதான? நீங்க பக்கத்துல உக்காருங்க. ஆனா வாயில ஒரு லவங்கத்தப் போட்டுக்கினு உக்காருங்க. அது கரையற வரைக்கும் பேசக்கூடாது."

மறுநாள் லேஅவுட்டில் லவங்கம் வேலை செய்தது. மூன்று நாள் கழித்து மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். வாயில் ஒன்று, சட்டைப்பையில் ஒரு பொட்டலம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். மாரிசாமியின் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வண்டியை ஒரு இடத்தில் நிறுத்தியபோது, லவங்கத்தைத் துப்பிவிட்டு அவர் முதன்முதலாக உருப்படியாக ஒரு பாடம் சொன்னார்.

"இங்க பாரு பாப்பா. பஸ்காரன் மனசு எனக்குத் தெரியும். அவன் ஹாரன் அடிக்கறது உன்னப் பாத்து இல்ல, அவன் கடிகாரத்தப் பாத்து. உன்கிட்ட அவனுக்கு ஒரே ஒரு பயம்தான். நீ அடுத்து என்னா பண்ணுவன்னு அவனுக்குத் தெரியாது. டக்குனு பிரேக் அடிப்பியா, டக்குனு ஒதுங்குவியா. அது தெரியாதப்பதான் எறக்கப் பாப்பான். நீ ஒரே ஸ்பீடுல போ. நேரா போ. வழி உடணும்னா உடு, தப்பில்ல. ஆனா எடத்த நீ பாத்து, இண்டிகேட்டர் போட்டு, நீயா உடு. அவன் புடுங்கிக்கற மாதிரி உடாத. எடம் இல்லயா, அவன் என்னா கத்துனாலும் நீ பாட்டுக்குப் போ."

"திட்டுனா?"

"திட்டட்டும். அதுக்கு பதில் சொல்ற வேல நமக்கு வேணாம்" என்றார் மாரிசாமி. சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் கூச்சப்பட்டார். அடுத்த லவங்கத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஜூன் இருபத்தாறாம் தேதி ஆர்டிஓ ஆபீசில் எட்டு போட்டுக் காட்டி சுவேதா பாஸானாள். லைசென்ஸ் வந்துவிட்டது, எல் ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாமே என்று மாரிசாமி கேட்டதற்கு, "இருக்கட்டும். எனக்கே நம்பிக்க வந்ததும் எடுக்கறேன்" என்றாள். அப்பா இல்லாமல் அந்த ரோட்டில் ஒருமுறைகூட அவள் ஓட்டியதில்லை. குறுகலில் மறுபடி ஒரு கட்டு வாங்கினால் அத்தோடு சாவியைத் தொடமாட்டாள் என்று மாரிசாமிக்குத் தெரியும். அதற்கப்புறம் முனிலட்சுமியின் செவ்வாயும் வெள்ளியும் என்னாவது?

ஜூலை ஒன்று, செவ்வாய்க்கிழமை. மாரிசாமி ஐந்தரைக்கே வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். அவருடைய பஸ் எஃப்சி என்கிற தகுதிச் சான்று வாங்கப் போயிருந்ததால், பேர் எழுதாத வெள்ளை ஸ்பேர் பஸ் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஸ்டாப்பில் பஸ் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தி, கிளம்பும்போதே பத்து நிமிஷம் போய்விட்டது. உத்தனப்பள்ளியைத் தாண்டி ஜல்லிக் குறுகலுக்குள் நுழைந்தால் முன்னால் சிவப்பு எல். கேஏ நம்பர். முப்பதில் போய்க்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் முனிலட்சுமியின் தலை தெரிந்தது.

முதல் சீட்டில் லைன் லீடர் வினிதா. "அண்ணா, எட்டு அஞ்சு ஆவுது. எல் போர்டுண்ணா. அடிங்க ஒண்ணு" என்றாள்.

பழக்கத்தில் மாரிசாமியின் கை ஹாரன்மேல் போய்விட்டது. அப்படியே நின்றது. கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். இருபதடி தள்ளி, அதே முப்பதில் பின்னாலேயே போனார். வழி கொஞ்சம் அகலமான இடமும் வந்தது, ராஜ்குமார் கட்டு கொடுத்த அதே இடம். மாரிசாமி ஏறவில்லை.

"அண்ணா, என்னாண்ணா ஆச்சி உங்களுக்கு?" என்றாள் வினிதா. பின்சீட்டுகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தர் விசில் அடித்தார். பஸ்ஸுக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒரு தக்காளி லோடு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வலப்பக்கம் மூக்கை நுழைத்தது. மாரிசாமி செப்புக் காப்புக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மெதுவா வா என்று காட்டிக்கொண்டே பஸ்ஸை நடுவில் வைத்து ஓட்டினார். லோடு வண்டிக்காரன் தலையை வெளியே விட்டுக் கத்தினான்.

"யோவ், உங்கப்பன் ரோடா?"

பத்தொன்பது வருஷமாக ஊரெல்லாம் கேட்ட கேள்வி. பஸ் ஸ்டியரிங்கில் இருக்கும்போது அவரை யாரும் இதைக் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிற பெண்ணுக்கு இன்றைக்கு ஒருநாள் இது அப்பன் ரோடுதான் என்று நினைத்துக்கொண்டார். கையை மட்டும் உள்ளே எடுக்கவில்லை.

மூன்றரை கிலோமீட்டர். குறுகல் முடிகிற இடத்தில் ஆல்டோ இடப்பக்க இண்டிகேட்டர் போட்டது. பத்து தடவை மின்னியிருக்கும், அவ்வளவு நிதானம். பிறகு ஒதுங்கி வழிவிட்டது. மாரிசாமி தாண்டிப் போனார்.

கம்பெனி கேட்டில் மணி எட்டு நாற்பத்தேழு. சலுகையும் முடிந்து ஏழு நிமிஷம். நாற்பத்திரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். வினிதா மட்டும் நின்று, "உடம்பு சரியில்லயாண்ணா?" என்று கேட்டாள். அவர் மகளைப் பற்றிச் சொன்னதும், "அன்னிக்கி ஜல்லியில ஏறுன வண்டியாண்ணா?" என்று தலையில் கை வைத்தாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, நான் அவனுங்கள அடக்கியிருப்பேன்" என்றுவிட்டு ஓடினாள். தினேஷ்குமார் விளக்கம் எழுதித் தரச் சொன்னான். மாரிசாமி அரை மணி நேரம் யோசித்து மூன்றே வரி எழுதினார். 'ஸ்பேர் பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. ரோடு வேலை நடக்கும் இடத்தில் முன்னால் ஒரு எல் போர்டு வண்டி மெதுவாகப் போனது. நான் ஹாரன் அடிக்கவில்லை.'

"ஏன் அடிக்கல?" என்றான் தினேஷ்குமார்.

"அதுக்கு உங்க சிஸ்டத்துல எடம் இருக்காது தம்பி."

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது முனிலட்சுமி கட்டிலில் படுத்திருந்தாள். களைப்புதான், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. ஆல்டோ வாசலில் கீறலில்லாமல் நின்றது. சுவேதா அப்பாவைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள்.

"அப்பா, உங்காளு ஒருத்தன் இன்னிக்கி என்னா பண்ணான் தெரியுமா? வெள்ள பஸ்ஸு. குறுகல்ல நுழைஞ்சதுல இருந்து பின்னாடியே ஒட்டிக்கினு வர்றான். ஹாரனும் அடிக்கல, தாண்டவும் மாட்டேங்கறான். கண்ணாடியில பாத்தா பம்பர் மட்டுந்தான் தெரியுது. கத்தியிருந்தாக்கூட பரவால்லப்பா. அவனுக்குப் பின்னாடி வேற ஊரே ஹாரன் அடிக்குது. என்னா எழவுக்கு வர்றான்னே புரியல எனக்கு."

மாரிசாமி முனிலட்சுமியைப் பார்த்தார். அவள் அவருடைய வலது கைக் காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பை மறைக்கப் போர்வையை இழுத்துக்கொண்டாள். பின்கண்ணாடி வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பாள் போல. மகளிடம் சொல்லவில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு லவங்கத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மாரிசாமி கேட்டார்.

"நீ என்னா பண்ண?"

"நான் என்னா பண்றது? எடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு உட்டேன். அதுவரைக்கும் நான் பாட்டுக்கு ஓட்டுனேன்" என்று சொல்லிவிட்டு, சுவேதா அம்மாவுக்கு மாத்திரை எடுக்க உள்ளே போனாள்.